பந்தைப் பார்க்காத அக்கா

ஜெர்மனியின் ஹைடெல்பெர்க்கில் இருக்கும் தேசிய ரக்பி மைதானத்துக்கு அந்த அக்கா எனக்குத் தெரிந்து ஆறு வருடங்கள் தவறாமல் வந்தார். அந்த ஆறு வருடங்களில் ஓர் ஆட்டத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. நான் மிகைப்படுத்தவில்லை, அவரே சொல்வார். "நேத்து மேட்ச் எப்படி அக்கா?" என்று கேட்டால், "ஒருத்தனுக்குக் கணுக்கால், ரெண்டு பேருக்கு விரல், மற்ற ஆக்கள் சுகமா வீட்டுக்குப் போட்டினம்" என்று பதில் வரும். ஜெயித்தது யார் என்றால் யோசிப்பார். பிறகு பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுச் சொல்வார்.

அவர் அங்கே முதலுதவித் தொண்டர். வாரம் முழுக்க ஒரு முதியோர் இல்லத்தில் தாதி வேலை. சனிக்கிழமை மதியமானால் ரப்பர் பூட்ஸும் மழைக்கோட்டும் மாட்டிக்கொண்டு, காலடியில் மருந்துப் பெட்டியோடு எல்லைக்கோட்டின் ஓரம் வந்து நின்றுவிடுவார். தலையில் ஆரஞ்சு நிறக் கம்பளித் தொப்பி. டிசம்பர் பனியிலும் அதே தொப்பிதான், ஜூன் வெயிலிலும் அதே தொப்பிதான். அந்தத் தொப்பியை ஒரு காலம் அவர் எனக்காகக் கழற்றினார். பிறகு ஒரு காலம் கழற்றாமல் விட்டார். அவரைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரிந்ததெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மதுரைக்காரனுக்கும் ரக்பிக்கும் என்ன சம்பந்தம் என்று என் அம்மா இன்றைக்கும் கேட்கிறாள். நான் அப்போது பக்கத்து ஊரான வால்டோர்ஃபில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேஜைக்காரன் லூக்காஸ், திங்கட்கிழமை தோறும் முகத்தில் ஏதாவது ஒரு காயத்தோடு வருவான். ஒரு நாள் கண் வீங்கியிருக்கும், ஒரு நாள் காது கிழிந்திருக்கும். வீட்டில் ஏதோ சரியில்லை என்று நினைத்து, நான் பாட்டுக்கு நாகரிகமாகப் பார்க்காததுபோல் இருந்தேன். இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அவன் ஜெர்மனிக்காக ரக்பி ஆடுகிறவன் என்று. ஒரு நாட்டின் தேசிய வீரர், திங்கள் காலை ஒன்பது மணிக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து பிழை திருத்திக்கொண்டிருப்பார் என்று நான் எப்படிக் கண்டேன்? இந்த ஊரில் ரக்பி சோறு போடாது. ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் வேறு ஒரு வேலை இருக்கும்.

"உனக்குக் கம்ப்யூட்டர் தெரியும்தானே, ஸ்கோர் பலகையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, வா" என்று லூக்காஸ் கூப்பிட்டான். தேசிய மைதானம் என்றதும் நான் இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன். போய்ப் பார்த்தால் ஒரே ஒரு பக்கம்தான் கூரை போட்ட இருக்கைகள். மற்ற மூன்று பக்கமும் புல்மேடு, பின்னால் மரங்கள். கம்ப்யூட்டர் என்று அவன் சொன்னது, மரத்தாலான ஒரு சிறு அறைக்குள் இருந்த நான்கு பொத்தானும் ஒரு ஸ்விட்ச்சும். அதை அழுத்தினால் மைதானத்தின் எதிர்க்கோடியில் உள்ள பலகையில் சிவப்பு எண்கள் மாறும். யார் எத்தனை புள்ளி, எத்தனையாவது பாதி, எத்தனை நிமிடம். இதற்கு ஏன் பொறியியல் பட்டதாரி வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அறைக்குள் குளிருக்கு ஹீட்டர் இருந்தது, ஆட்டம் முடிந்தால் சாப்பாடு தந்தார்கள்.

முதல் நாள் எனக்கு ஒன்றும் புரியவில்லை. முன்னால் ஓடுகிறார்கள், பந்தைப் பின்னால்தான் எறிகிறார்கள். இதென்ன கூத்து என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒருவன்மேல் இரண்டு பேர் பாய்ந்து, மூவரும் தரையில் மோதிய சத்தம் என் அறை வரைக்கும் கேட்டது. "அடப்பாவிகளா, கழுத்து போச்சேடா!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். அதே அறையில் உட்காரும் அறிவிப்பாளர் எழுந்து போகும்போது மைக்கை அணைக்கவில்லை என்பது எனக்குத் தெரியாது. ஜெர்மனியின் தேசிய ரக்பி மைதானம் முழுக்க என் மதுரைத் தமிழ் எதிரொலித்தது.

ஐந்து நிமிடத்தில் படியில் பூட்ஸ் சத்தம். ஆரஞ்சுத் தொப்பி போட்ட ஒரு குள்ளமான பெண்மணி கதவைத் திறந்தார். ஐம்பது வயது இருக்கும்.

"தம்பி, கழுத்துக்கு ஒண்டுமில்லை. நான் பாத்திட்டன். உந்த மைக்கை ஒருக்கா நூருங்கோ" என்றார். நான் விழித்ததைப் பார்த்து, அவரே வந்து அதை அணைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார். விளக்கை அணைப்பதற்கு அவர்கள் ஊரான யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் சொல்வார்களாம்.

அதற்குப் பிறகுதான் நான் பந்தை விட்டுவிட்டு அக்காவைக் கவனிக்க ஆரம்பித்தேன். பந்து வலப்பக்கம் போனால் மைதானமே வலப்பக்கம் திரும்பும், அவர் மட்டும் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். பந்து கம்பத்துக்கு நடுவே பறக்கும், எல்லோரும் எழுந்து நின்று கத்துவார்கள், அக்கா நடுக்கோட்டருகே சேற்றில் யாரையோ பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு ஒரே ஆச்சரியம். ஒரு நாள் ஆட்டம் முடிந்ததும் நேராகக் கேட்டுவிட்டேன்.

"பந்துக்கு ஒண்டும் நடக்காது தம்பி" என்றார். "நடக்கிறதெல்லாம் பந்து போன பிறகு, அது இருந்த இடத்திலைதான். ஆர் எழும்பேல்லை எண்டு பாக்கோணும். எல்லாரும் ஒரு பக்கம் பாக்கேக்கை, மற்றப் பக்கம் பாக்க ஒராள் வேணுமெல்லே?"

இப்படிப்பட்ட ஒருவருக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். ஏதோ ஒரு ஆஸ்பத்திரி, ஏதோ ஒரு குண்டு வீச்சு, யாரையோ பார்க்காமல் விட்டு ஓடி வந்த குற்ற உணர்ச்சி என்றெல்லாம் மனதுக்குள் எழுதிவிட்டேன். ஒரு மழை நாளில் மெல்ல அந்தப் பேச்சை எடுத்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"எங்கடை ஆக்கள் ஒழுங்கா ஒரு வேலை செய்தா, அதுக்கும் சண்டைதானோ காரணம்? முதலுதவிக் கோர்ஸிலை படிப்பிச்சவை. நான் கவனமாக் கேட்டனான். அவ்வளவுதான்."

அன்றோடு அந்த ஆராய்ச்சியை விட்டேன்.

ஆனால் ஒன்று, அது வெறும் கோர்ஸ் பாடமில்லை. ஒரு கோடையில் அக்கா போகிற கோவில் தேருக்கு நானும் போயிருந்தேன். வடம் பிடித்து இழுக்கிறவர்களும், தேங்காய் உடைக்கிறவர்களும், கைபேசியைத் தூக்கிப் பிடித்தவர்களுமாகக் கூட்டம் முழுக்கத் தேரோடு நகர்ந்தது. பட்டுச்சேலை கட்டிய அக்கா மட்டும் தேருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூட்டம் விட்டுப்போன வீதியைப் பார்த்து நின்றார். "அக்கா, தேர் போகுது" என்றேன். "போகட்டும். கந்தனைப் பாக்க ஆயிரம் பேர் நிக்கினம்" என்று சொல்லிக்கொண்டே விறுவிறுவென்று நடந்தார். ஒரு பேருந்து நிறுத்தத்தின் பின்னால், வெயிலில் மயங்கி ஒரு பெரியவர் சாய்ந்திருந்தார். அவருடைய பிள்ளைகள் மூவரும் வடத்தில் இருந்தார்கள்.

அக்காவின் இந்தப் பார்வை எல்லோருக்கும் பிடித்ததென்று சொல்ல முடியாது. பழக்கமான தமிழ்க் குடும்பங்களில், "அவ பாத்தாவெண்டா இல்லாத வருத்தமும் வந்திடும்" என்று பகிடி பண்ணுவார்கள்; வருத்தம் என்றால் அவர்களுக்கு நோய். எனக்கே சில நேரம் நெளியும். படியில் வழுக்கி விழுந்துவிட்டு, ஒன்றுமில்லை என்று சொல்லி எழுந்த என்னை இருபது நிமிடம் உட்கார வைத்துவிட்டார். அவருடைய கட்சி என்னவென்றால், ஐயோ என்று கத்துகிறவனுக்குக் கொஞ்சம் நேரம் இருக்கிறது, ஒன்றுமில்லை என்று சொல்கிறவனைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சாதாரண சனிக்கிழமைகளில் அங்கே ஆடும் உள்ளூர் கிளப்காரர்கள் வருடா வருடம் கறி சமைத்து எடுத்து வரும்படி கேட்பார்கள். "நான் மருந்துப் பெட்டியோடை வாறனான், சட்டியோடை இல்லை" என்பதை அவர் ஜெர்மன் மொழியில் சொல்வதைக் கேட்க எனக்குக் கொள்ளை ஆசை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ரக்பியில் எலும்பு முறிந்தால் கவலையில்லை, அது கண்ணுக்குத் தெரியும். தலையில் அடிபட்டால் தெரியாது. அதற்கென்று சில கேள்விகள் இருக்கின்றன. இது எந்த மைதானம், இப்போது எந்தப் பாதி, புள்ளிக் கணக்கு என்ன, போன வாரம் யாரோடு ஆடினாய். தடுமாறினால் வெளியே போய்விட வேண்டும், அன்றைக்குத் திரும்ப வர முடியாது. ஆட்டக்காரர்கள் லேசுப்பட்டவர்களா? கழுத்தே இல்லாத ஒரு பருத்த ஆட்டக்காரர், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் என் அறைக்கு வந்து, போன வாரக் கணக்கை மனப்பாடம் செய்துவிட்டுப் போவார். அக்காவுக்கு அது தெரிந்துவிட்டது. அவர் விழுந்தபோது அக்கா, "உங்கள் மாமியார் பெயர் என்ன?" என்று கேட்டாராம். "அடி படாமலே அதை மறக்கத்தான் பார்க்கிறேன்" என்றாராம் அவர்.

ஆனால் ஒரு சனிக்கிழமை ஒருவன் எல்லாக் கேள்விக்கும் சரியாகச் சொல்லிவிட்டு எழுந்தான், பத்து அடி நடந்து எதிரணியின் பக்கம் போய் நின்றுகொண்டான். அன்று மாலை அக்கா என் அறைக்கு ஏறி வந்தார்.

"அவன் என்னைப் பாத்துச் சொல்லேல்லைத் தம்பி. என்ரை தோளுக்கு மேலாலை உம்மடை பலகையைப் பாத்து வாசிச்சவன்."

"ஆளைத் திருப்பி உட்கார வச்சுக் கேக்கக் கூடாதா அக்கா?"

"கழுத்து என்ன பாடு எண்டு தெரியாமல் ஆளைத் திருப்ப ஏலாது. எந்தப் பக்கம் பாத்துக் கிடக்கிறானோ அப்பிடியே வைச்சுத்தான் கேக்கோணும்." கண்ணாடி வழியாகப் பலகையைப் பார்த்தார். "பலகையை நூர்க்கலாம்தானே? நான் தொப்பியைக் கழட்டினா நீர் உந்த வெளிச்சத்தை நூர்த்துப்போடும். திரும்பப் போட்டா கொளுத்தும். இதை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. சொன்னா அதுக்கும் ஒரு வழி கண்டுபிடிப்பாங்கள்."

அன்றிலிருந்து இது எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ஏற்பாடு. ஒருவன் விழுவான், அக்கா ஓடுவார், முழங்காலிட்டு அவன் தலையை இரண்டு கையாலும் பிடிப்பார். தேவைப்பட்டால் ஒரு கையை எடுத்துத் தொப்பியைக் கழற்றுவார். நான் ஸ்விட்ச்சைத் தட்டுவேன். பார்வையாளர்கள் முணுமுணுப்பார்கள். கிளப் இரண்டு முறை எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒயரெல்லாம் மாற்றியது. அவர் ஒவ்வொரு முறையும் பலகைமேல் ஏறி இறங்கி, ஒரு கோளாறும் இல்லை என்று சத்தியம் செய்தார். நான் பக்கத்தில் நின்று கவலையோடு தலையாட்டினேன். எனக்கு அதில் பெருமைதான். ஒரு மனுஷி என்னை நம்பி ஒரு பொறுப்பைக் கொடுத்திருக்கிறார், அதை நான் ஒரு முறையும் தவறவிட்டதில்லை என்று.

தவறவிட்டது, தவறவிடவே கூடாத நாளில்.

அது ஜெர்மனி தன் பிரிவில் நிலைப்பதா, கீழே இறங்குவதா என்பதைத் தீர்க்கும் ஆட்டம். லூக்காஸுக்கு அதுதான் கடைசி. மனைவிக்கு எட்டாவது மாதம், இதோடு நிறுத்துகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தான். காலையில் நான்தான் அவனை என் காரில் அழைத்து வந்தேன். இறங்கும்போது, "இன்றைக்கு ஜெயித்துவிட்டால் போதும், என் பிள்ளைக்குச் சொல்ல ஒரு கதை கிடைக்கும்" என்றான். கார் நிறுத்தத்தில் பூட்ஸ் மாற்றிக்கொண்டிருந்த அக்கா எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

மேட்டிலெல்லாம் ஆட்கள். அந்த மைதானத்தில் அத்தனை கூட்டத்தை நான் பார்த்ததில்லை. பத்து நிமிடம் மிச்சமிருக்கும்போது பலகையில் பத்தொன்பதுக்குப் பதினேழு, நாங்கள் முன்னால். பாருங்கள், நாங்கள் என்று சொல்கிறேன். அப்போது லூக்காஸ் ஒருவனைத் தடுக்கப் பாய்ந்தான். அவனுடைய முழங்கால் இவன் நெற்றியில் இடித்தது. பந்து அப்பால் போனது, எல்லோருடைய கண்ணும் அதோடு போனது. அக்கா மட்டும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தார்.

நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். லூக்காஸ் எழுந்து உட்கார்ந்திருந்தான், அவன் முகம் பலகையின் பக்கம் இருந்தது. அக்கா அவன் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

என் விரல் ஸ்விட்ச்சின்மேல்தான் இருந்தது. பந்து எல்லைக்கு வெளியே போனால், இரண்டு அணியும் வரிசையாக நிற்க, நடுவே அதைக் கோணாமல் எறிந்து ஆட்டத்தைத் தொடங்குவது லூக்காஸின் வேலை. அவனைப்போல் எறிய அணியில் வேறு ஆள் இல்லை என்பது அதற்குள் எனக்கே தெரியும். அவன் போனால் ஆட்டம் போகும். காலையில் காரில் அவன் சொன்னது காதில் இருந்தது. அவனுக்கு ஒன்றுமில்லை, உட்கார்ந்துதானே இருக்கிறான் என்று நினைத்தேன். ஒன்றுமில்லை என்று அன்றைக்குச் சொன்னது அவன் அல்ல, நான். நான் விரலை எடுத்துவிட்டேன்.

பலகை எரிந்துகொண்டே இருந்தது. லூக்காஸ் அக்காவின் தோளுக்கு மேலே பார்த்துப் பேசுவது எனக்குத் தெரிந்தது. அக்கா திரும்பினார். பலகையைப் பார்த்தார். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி, அத்தனை தூரத்திலிருந்து என் அறையின் கண்ணாடியைப் பார்த்தார். நான் குனிந்து எதையோ தேடுவதுபோல் பாவனை செய்தேன். நிமிர்ந்தபோது அவர் லூக்காஸிடம் இன்னும் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த நிமிடம் நடுவரிடம் கையைக் காட்டினார். லூக்காஸ் வெளியே.

மைதானமே அவரைப் பார்த்து ஊளையிட்டது. லூக்காஸுக்குப் பதிலாக வந்தவன் முதல் பந்தையே கோணலாக எறிந்தான். பந்து எதிரணியிடம் போனது, அவர்களுக்கு ஒரு தண்ட உதை கிடைத்தது, மூன்று புள்ளி. பத்தொன்பதுக்கு இருபது. அந்த எண்ணை மாற்றியதும் நான்தான்.

ரக்பியில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் ஓர் அணி இரண்டு வரிசையாக நின்று கைதட்ட, மற்ற அணி நடுவே நடந்து போகும். பிறகு இவர்கள் நடக்க, அவர்கள் தட்டுவார்கள். அதன் பிறகு கிளப் ஹவுஸில் ஒன்றாகச் சாப்பாடு. எத்தனை அடித்துக்கொண்டாலும் சாப்பிடும்போது பகை கிடையாது என்று பெருமையாகச் சொல்வார்கள். அன்றைக்கு எதிரணியோடு யாருக்கும் பகையில்லைதான். அக்கா உட்கார்ந்த மேஜையில் மட்டும் ஒருவரும் உட்காரவில்லை. லூக்காஸ் ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்துவிட்டான். அணி மருத்துவர், ராத்திரி முழுக்கக் கவனித்துக்கொண்டால் போதும் என்று சொல்லிவிட்டார். அக்கா அவன் கையிலிருந்த பீர்க் கோப்பையை வாங்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டு, எதிர் மூலையில் போய் அவனைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

ஜெர்மானியருடைய கோபம் எப்போதும் ஒரு தாளில் போய்த்தான் முடியும். அணி மேலாளர் மதுக்கூடத்து மேஜையில் வைத்தே எழுதிவிட்டார். எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்ன வீரரை வெளியேற்றிய இந்தத் தொண்டரை இனி இந்த மைதானத்தில் பணிக்கு அனுப்பக் கூடாது. ஆட்டக்காரர்கள் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். தாள் என்னிடம் வந்தது. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள், ஏன் என்று சொன்னால் பலகையின் கதை வெளியே வரும். நானும் போட்டேன். என் பெயரை இத்தனை தெளிவாக நான் வேறெங்கும் எழுதியதில்லை.

பேனாவை வாங்கிக்கொண்ட அந்தக் கழுத்தில்லாத ஆட்டக்காரர், "பட்டியலிலேயே இல்லாத கேள்வி! இன்றைக்கு எப்படி இங்கே வந்தாய் என்று கேட்டாளாம். டிராமில் வந்தேன் என்றானாம். டிராமில் வந்தது ஒரு குற்றமா?" என்று அலுத்துக்கொண்டார்.

அவன் என் காரில் வந்தான்.

போய் லூக்காஸின் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாதாரணமாகத்தான் இருந்தான். உருளைக்கிழங்கு சாலடைக் கிளறிக்கொண்டிருந்தான். "ஜெயித்தோமா?" என்று கேட்டான்.

"இல்லை லூக்காஸ். ஒரு புள்ளியில் தோற்றோம்."

"ச்சே" என்றான். சாலடை இன்னும் இரண்டு முறை கிளறினான். பிறகு நிமிர்ந்து, முதல் தடவை கேட்பவனின் அதே ஆவலோடு, "ஜெயித்தோமா?" என்றான்.

நான் அக்காவைக் கூப்பிடத் திரும்பினேன். அதற்குள் அவர் எழுந்துவிட்டிருந்தார். ஆனால் எங்களை நோக்கி வரவில்லை. மதுக்கூடத்தின் பின்னால் ஒரு கரும்பலகை உண்டு, ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவையும் அதில் சுண்ணக்கட்டியால் எழுதி வைப்பார்கள். லூக்காஸுக்கு நேர் எதிரே அது இருந்தது. கையெழுத்துப் போடும்போது நான் அதற்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அக்கா என்னிடம் துடைக்கச் சொல்லவில்லை, தொப்பியையும் தொடவில்லை. தானே போய், மழைக்கோட்டின் கையால் அந்த எண்களைத் துடைத்தார். பிறகு வந்து லூக்காஸின் முன்னால் முழங்காலிட்டார்.

"இன்றைய கணக்கு என்ன?" என்று கேட்டார்.

லூக்காஸ் அவர் தோளுக்கு மேலே பார்த்தான். வெறும் கரும்பலகை. பிறகு என்னைப் பார்த்து, சின்னக் குரலில், "நீ சொல்லேன்" என்றான்.

ஆம்புலன்ஸ் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. மூளைக்கு வெளியே சிறிதாக ஒரு இரத்தக் கசிவு, அடுத்த பத்து நிமிடத்தில் இன்னொரு இடி பட்டிருந்தால் கதை வேறு என்று மருத்துவர்கள் சொன்னார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. பல மாதம் அரை நாள் வேலை, பிறகு முழு நாள். ஆட்டத்தை அவன் சொன்னபடியே விட்டுவிட்டான். மகள் பிறந்தபோது முழு நினைவோடு தூக்கினான்.

அன்று ஆம்புலன்ஸ் போனதும் மேலாளரிடம் போய்ப் பலகையின் கதையைச் சொன்னேன். அவர் அந்தத் தாளை நான்காகக் கிழித்தார். பிறகு வாசலில் நின்ற அக்காவிடம் போனேன்.

"அக்கா, நீங்க தொப்பியைக் கழட்டினதைப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் ஆஃப் பண்ணலை. அந்தப் பேப்பர்லயும் சைன் பண்ணிட்டேன்."

"தெரியும்."

"திட்டிடுங்க அக்கா."

"ஏன் ஏசோணும்? நீர் பந்தைப் பாத்தனீர். எல்லாரும் பாக்கிறதுதானே" என்றார். குரலில் கோபமே இல்லை. மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு பேருந்துக்கு நடந்தார். எல்லோரையும்போல் நானும் ஒருவன் என்று அவர் அத்தனை சாதாரணமாகச் சொன்னது, திட்டியிருந்தால் வலித்திருக்கக்கூடியதைவிட அதிகமாக வலித்தது.

அடுத்த ஆட்டத்துக்கு அக்காவோடு வரும் இன்னொரு தொண்டர், ஓய்வுபெற்ற தபால்காரர், ஒரு பெரிய கறுப்புக் குடையோடு வந்தார். நல்ல வெயில். ஒருவன் விழுந்தான். அக்கா முழங்காலிட்டார். தபால்காரர் போய் ஆளுக்கும் பலகைக்கும் நடுவே குடையை விரித்து நின்றார். ஸ்விட்ச்சில் வைத்த விரலோடு நான் காத்திருந்தேன். தொப்பி அசையவில்லை. வெயிலுக்காகப் பிடிக்கிறார்கள், எவ்வளவு கரிசனம் என்று இருக்கைகளில் பாராட்டினார்கள். அந்தக் குடை எனக்கு எதிராக விரிக்கப்பட்டது என்பது எனக்குத் தெரியும். ஒரு பருவம் முழுக்க, ஒவ்வொரு சனிக்கிழமையும் அது விரிந்தது. அக்கா என்னிடம் பேச்சை விடவில்லை. சாப்பிட்டீரோ என்று கேட்பார், இருமினால் மருந்து சொல்வார். தொப்பியை மட்டும் கழற்றவில்லை. நானும் கேட்கவில்லை, எந்த முகத்தோடு கேட்பது?

பிறகு எனக்கு டார்ம்ஸ்டாட்டில் வேலை கிடைத்தது. கடைசியாக ஓர் ஆட்டத்துக்குப் பலகை பார்க்கப் போனேன். "அடுத்த மாசம் டார்ம்ஸ்டாட் போறேன் அக்கா" என்றேன். "நல்லது. நேரத்துக்குச் சாப்பிடும்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

இரண்டாம் பாதியில் ஒருவன் தலை மோதி விழுந்தான். பந்து இன்னொரு பக்கம் ஓடியது. நான் அதன் பின்னால் போகவில்லை, அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடினார், முழங்காலிட்டார், தலையைப் பிடித்தார். தபால்காரர் குடையோடு கிளம்பினார். அக்கா அவரை நோக்கி உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு அந்தக் கையைத் தலைக்குக் கொண்டுபோய், தொப்பியைக் கழற்றிப் புல்லில் வைத்தார். முடி முன்னைவிட நரைத்திருந்தது.

நூர்த்தேன்.

பலகை இருண்டது. இருக்கைகளில் வழக்கமான முணுமுணுப்பு எழுந்தது, யாரோ எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொன்னார்கள். அக்கா தன் கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் விடாத அந்த மனுஷி, நான் நூர்த்தேனா இல்லையா என்று ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.